கிழட்டுக் கம்ப்யூட்டர்களின் பங்காளிக் கூட்டம்

வெள்ளைக்காரன் ஒரு காரியத்தை ஆசைப்பட்டுச் செய்தால் அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர். அதே காரியத்தை நாம் முப்பது வருடம் வேறு வழியில்லாமல் செய்தால் அதற்கு ஐந்தாண்டுத் திட்டம் என்று பெயர். பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்துத் தூசி தட்டி, ஒன்றோடொன்று இணைத்து, "ஓடுது பார், இன்னும் ஓடுது பார்" என்று கும்மாளம் போடுகிற கூட்டம் ஒன்று ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது. இந்தக் கலையில் பழுத்த அனுபவசாலிகள் நாம்தான். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ஆரம்பித்துவிட்டார்கள். பரவாயில்லை. கேட்காமலே சொல்வதுதான் நாமக்கல் மாவட்டத்து எங்கள் எருமப்பட்டி வழக்கம்.

முதல் டப்பா கல்கத்தாவில் வந்து இறங்கியது. 1955-56 வாக்கில் மகலனோபிஸ் தம்முடைய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்காக இங்கிலாந்திலிருந்து ஹெக்-2எம் என்ற இயந்திரத்தை வரவழைத்தார். நாட்டின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் அதுதான். இரண்டு மூன்று வருடத்தில் அதே வளாகத்துக்கு ரஷ்யாவிலிருந்து உரால் வந்தது. வெளியே பனிப்போர் நடந்துகொண்டிருக்க, உள்ளே லண்டன் சரக்கும் மாஸ்கோ சரக்கும் ஒரே கூரையின் கீழ் நம் திட்டக் கமிஷனுக்குக் கணக்குப் போட்டன. கல்கத்தாவில் கரண்டு போனால் முதலாளித்துவமும் பொதுவுடைமையும் சேர்ந்தே அணைந்திருக்கும்.

பம்பாய்க்காரர்களுக்கு இது பொறுக்குமா? வாங்கி வைத்தால் என்ன கௌரவம், நாமே செய்வோம் என்று டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் நரசிம்மன் தலைமையில் இறங்கினார்கள். உண்மையிலேயே பெரிய சாதனை. சுமார் 2,700 வால்வுகள் வைத்து, 2,048 சொற்கள் கொள்ளும் காந்த வளைய நினைவகத்தோடு, 1960இல் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். 1962இல் நேரு வந்து அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார். ஒரே ஒரு சங்கடம்: அதற்குள் அமெரிக்காவில் வால்வை மூட்டை கட்டிவிட்டு டிரான்சிஸ்டருக்குப் போய்விட்டார்கள். ஆக, உலகத்திலேயே பிறக்கும்போதே பழசாகப் பிறந்து, பிரதமர் கையால் பெயரும் வாங்கிக்கொண்ட கம்ப்யூட்டர் நம்முடையது. பழைய கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் இந்தச் சாதனையைக் கண்டுகொள்ளாதது பொறாமையால்தான்.

அடுத்த காட்சி கான்பூர், ஆகஸ்ட் 1963. அமெரிக்க உதவியில் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்து சேர்ந்தது. இந்த இயந்திரத்தைப் பற்றி நம் பள்ளிக்கூட வாத்தியார்கள் தெரிந்துகொண்டிருந்தால் பூரித்துப் போயிருப்பார்கள். அதற்குக் கூட்டத் தெரியாது. கூட்டுவதற்கென்று உள்ளே தனிச் சுற்றே கிடையாது. நினைவகத்தில் ஒரு மூலையில் கூட்டல் வாய்ப்பாட்டை எழுதி வைத்திருக்கும். ஐந்தும் மூன்றும் எத்தனை என்றால் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எட்டு என்று சொல்லும். பெருக்கலுக்கும் தனி வாய்ப்பாடு. நிரல் எழுதுகிறவர் கைதவறி வாய்ப்பாட்டின் மேலேயே எதையாவது எழுதிவிட்டால், இரண்டும் இரண்டும் ஏழு என்று முகம் சுளிக்காமல் அச்சடித்துக் கொடுக்கும். 'கூட்டத் தெரியாது, முயற்சிகூடப் பண்ணாது' என்று அமெரிக்கர்களே அதற்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டுதான் இந்தியாவுக்கே கம்ப்யூட்டர் பாடம் நடத்தினார்கள்.

பாடம் நடத்தியவர்களில் ஒருவர் ராஜாராமன். பிறந்தது ஈரோடு. பள்ளிபாளையத்தில் காவிரிப் பாலம் ஏறினால் அந்தப் பக்கம் ஈரோடு, இந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டம். எனவே அவரை நாங்கள் பாதி உரிமை கொண்டாடுவதில் தவறில்லை. படித்தது டெல்லியில், பாடம் நடத்தியது கான்பூரில் என்றெல்லாம் ஈரோட்டுக்காரர்கள் சொல்லட்டும், பிள்ளை நம்ம பிள்ளை. நிரல் எழுதச் சொல்லிக் கொடுக்கும் புத்தகம் ஒன்றை எழுதி, அதைப் பதினைந்து ரூபாய்க்கு விற்கச் செய்தார். நகல் எடுக்கிற செலவுக்கே புத்தகம் கிடைத்துவிடும் என்பது கணக்கு. கம்ப்யூட்டரைக் கண்ணாலேயே காணாமல் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை அந்தப் பதினைந்து ரூபாயில் உருவானது. கள்ள நகல்காரனைச் சட்டத்தால் அல்லாமல் விலையால் தோற்கடித்த கொங்கு மூளை.

இனி வருவதுதான் முக்கியமான அத்தியாயம். கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியது.

ஐபிஎம் கம்பெனி 1959இல் 1401 என்றொரு கம்ப்யூட்டரை வெளியிட்டது. அமெரிக்காவில் நன்றாக விற்றது. 1964இல் 360 என்ற புது வரிசையை அறிவித்தார்கள். அமெரிக்க வாடிக்கையாளர்கள் 1401ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுசுக்கு மாறினார்கள். திரும்பி வந்த பழைய 1401களை என்ன செய்வது? வேறு யாராவதாக இருந்தால் எடைக்குப் போட்டிருப்பார்கள். ஐபிஎம் புத்திசாலிக் கம்பெனி. அவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, பம்பாயில் கழுவித் துடைத்து, தேய்ந்ததை மாற்றி, நம் ரயில்வேக்கும் கம்பெனிகளுக்கும் வாடகைக்கு விட்டது. விற்கவில்லை, கவனியுங்கள். வாடகை. அங்கே ஏற்கெனவே போட்ட முதலை எடுத்துவிட்ட சாமான், இங்கே மாதாமாதம் மறுபடி சம்பாதித்தது.

நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார். பழைய சேஸிஸுக்குப் புது பாடி கட்டி, பெயின்ட் அடித்து, முன்னால் எலுமிச்சம்பழம் மிளகாய் தொங்கவிட்டு ரோட்டில் இறக்கும் தொழில்நுட்பத்தை ஐபிஎம்முக்கு முன்பே நாங்கள் அறிவோம். ஆனால் எங்கள் ஆட்கள் அதைப் புது வண்டி என்று சொல்லி வாடகை வாங்கியதில்லை. 'ரீ-பாடி' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்கள். வியாபார தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

டெல்லிக்கு இது உறைக்கப் பல வருடம் ஆனது. 1973இல் அந்நியச் செலாவணிச் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்றார்கள். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் பழைய இயந்திர வாடகையைத் தோண்டியெடுத்துக் கிழித்தது. 1977இல் ஜனதா ஆட்சி, தொழில்துறைக்கு ஜார்ஜ் பெர்னாண்டஸ். எங்கள் கம்பெனியில் பங்கு தரமாட்டோம் என்றது ஐபிஎம். அப்படியானால் வண்டியைக் கட்டு என்றார் அவர். 1978இல் ஐபிஎம் வண்டியைக் கட்டியது. கோகோ கோலாவும் அதே காலத்தில் கிளம்பிப் போனது. அந்த இழப்பைத் தாங்க நம்மிடம் கோலி சோடா இருந்தது. ஆனால் நாடெங்கும் நின்ற 1401களை யார் தாங்குவது?

அதற்காகவே சிஎம்சி என்ற அரசு நிறுவனம் இருந்தது. முழுப்பெயரே கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன். பெற்றவன் விட்டுவிட்டுப் போன, உலகம் மறந்துபோன இயந்திரங்களை, உதிரிபாகம் கிடைக்காத நாட்டில், ஒன்றைப் பிரித்து ஒன்றுக்குப் போட்டு ஓட்டுவது அதன் வேலை. இன்றைக்கு இதைக் கலிபோர்னியாவில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் மியூசியத்தில் தன்னார்வமாகச் செய்கிறார்கள், பார்வையாளர்கள் கைதட்டுகிறார்கள். நம் ஆட்கள் 1978இலேயே செய்தார்கள். கைதட்டல் இல்லை, பயணப்படி உண்டு. உலகின் முதல் பழைய கம்ப்யூட்டர் சங்கத்தை இந்திய அரசு தொடங்கியது என்று வரலாற்றில் எழுதாமல் விட்டது பெருங்குறை.

இதற்கு நடுவே கல்கத்தாவில் எல்ஐசி ஊழியர்கள் கம்ப்யூட்டர் உள்ளே வந்துவிடக் கூடாது என்று கட்டடத்துக்கு இரவும் பகலும் காவல் நின்ற கதை ஒன்று உண்டு. ஹைதராபாத்தில் இசிஐஎல், டிடிசி-12, டிடிசி-316 என்று சுதேசி இயந்திரங்கள் செய்த கதை உண்டு. டிடிசி என்பது டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர், அணுசக்தித் துறையின் வளர்ப்பு. வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று விண்ணப்பித்தவர் கமிட்டி கமிட்டியாக ஏறி இறங்கி அனுமதி வாங்குவதற்குள், வெளிநாட்டில் அந்த மாடலின் உற்பத்தியையே நிறுத்திவிடுவார்கள் என்ற கதையும் உண்டு. சென்னை ஐஐடிக்கு 1973இல் ஜெர்மன்காரர்கள் ஐபிஎம் 370 ஒன்றைத் தானமாகக் கொடுத்தார்கள். அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள் பதில் வரும், "இருபதாவது வரியில் கமா இல்லை" என்று. கமா போட்டுக் கொடுத்தால் அதற்கடுத்த நாள் பதில், "முப்பதாவது வரியில்." பொறுமை என்ற குணத்தை இந்தியப் பொறியாளர்கள் கீதையிலிருந்து கற்றதாகச் சொல்வது சும்மா.

இத்தனையும் சர்க்கார் விளையாட்டு. இனி ஆசைக்காரர்கள்.

1978 ஜனவரி, சிகாகோ. பனி கொட்டி ஊரே முடங்கிக் கிடக்கிறது. வார்டு கிறிஸ்டென்சன் என்பவருக்கு வெளியே போக வழியில்லை. ராண்டி சூஸ் என்ற நண்பரோடு போனிலேயே பேசி, ஒரு யோசனை பிடிக்கிறார்: தங்கள் கம்ப்யூட்டர் கிளப்பின் அறிவிப்புப் பலகையைக் கம்ப்யூட்டருக்குள் வைத்துவிட்டால், அவரவர் வீட்டிலிருந்து போன் போட்டுப் படிக்கலாமே? பிப்ரவரி 16இல் பலகை தயார். கிறிஸ்டென்சன் பிழைப்புக்கு வேலை பார்த்தது ஐபிஎம்மில். அந்த ஐபிஎம் நம் நாட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அதே வருடம்.

பலகைகள் பெருகின. ஆனால் ஒரு பலகைக்கும் இன்னொன்றுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் என்பவர், பால்டிமோரில் இருந்த ஜான் மேடில் என்பவரோடு செய்தி பரிமாற ஒரு நிரல் எழுதினார். பெயர் ஃபைடோ. அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று பொறுக்கிச் சேர்த்த உதிரிகளால் ஆன கம்ப்யூட்டர் ஒன்றுக்கு அவர்கள் வைத்த நாய்ப் பெயர் அது. ஜாதி நாய் இல்லை, கலப்பட நாட்டு நாய். ஃபைடோநெட் என்ற வலை அந்த நாயின் பெயரில் வளர்ந்து, 1990களின் நடுவில் முப்பதாயிரம் கணுக்களைத் தாண்டியது. சின்னமும் நாய்தான், வாயில் ஃபிளாப்பியோடு.

அது ஓடிய விதத்தை எங்கள் ஊர்ப் பக்கம் விளக்கவே தேவையில்லை, லாரி புக்கிங் ஆபீஸ் பார்த்தவர்களுக்குப் புரிந்துவிடும். பகலில் ஆளாளுக்கு வந்து செய்தியைப் போட்டுவிட்டுப் போவார்கள். சரக்கு ஆபீஸிலேயே கிடக்கும். ராத்திரி, எஸ்டிடி மலிவாகும் நேரத்தில், ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்குத் தானே போன் போட்டு மொத்த லோடையும் இறக்கிவிட்டு, அந்தப் பக்கத்து லோடை ஏற்றிக்கொண்டு வரும். இதற்கென்றே இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில் மனிதர் யாரும் போன் போடக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். தூரத்து ஊருக்குப் போகும் லோடு வழியில் இரண்டு மூன்று ஆபீஸில் கைமாறும். எங்கேயாவது ஒரு கம்ப்யூட்டரைப் பாட்டி பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு மிக்சி போட்டிருந்தால் சரக்கு ஒருநாள் தாமதம். இதில் சம்பளம் வாங்கியவர் ஒருவரும் இல்லை. ஆனால் போன் பில் எல்லோருக்கும் வந்தது.

இந்தியாவில் இதைச் செய்த ஆட்கள் கொஞ்சம் பேர்தான். பெங்களூரில் அதுல் சிட்னிஸ் 1989இல் சிஐஎக்ஸ் என்ற பலகையை வைத்தார். பம்பாயில் சுசித் நந்தா நடத்திய லைவ் வயர் பெரிய பெயர் எடுத்தது. ஃபைடோநெட் கணக்கில் நமக்கு ஆறாவது மண்டலம், ஆசியா. பெரும்பாலான பலகைகளுக்கு ஒரே ஒரு போன் லைன். ஒருவர் உள்ளே போனால் ஊருக்கெல்லாம் எங்கேஜ் டோன். கூடத்தில் இருக்கும் இன்னொரு போனை அம்மா எடுத்து "ஹலோ, யாரு?" என்றால் முக்கால் மணி நேரமாக இறங்கிக்கொண்டிருந்த கோப்பு முக்காலோடு போய்விடும். அந்த அம்மாக்களைப் பற்றி யாரும் இன்னும் ஆய்வுக் கட்டுரை எழுதவில்லை. இந்தியத் தகவல் தொழில்நுட்பத்தை அவர்கள் எத்தனை வருடம் பின்னுக்கு இழுத்தார்கள் என்பது கணக்கில் வராத செய்தி.

அப்போது டெலிபோன் என்பதே கல்யாணத்துக்கும் சாவுக்கும் உள்ள சாமான். விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 1984இல் சாம் பிட்ரோடா வந்து சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆய்வு மையத்தைத் தொடங்கி, ஏசி அறை கேட்காத, 128 லைன் கொண்ட கிராம எக்ஸ்சேஞ்சைச் செய்து, 1986இல் கர்நாடகத்துக் கித்தூரில் முதலில் வைத்தார். நம்முடைய வெயிலையும் தூசியையும் மதித்து வடிவமைத்த முதல் எலக்ட்ரானிக் சாமான் அதுதான் என்பது என் கட்சி. அதற்குப் பிறகு கிராமத்திலும் டயல் டோன் கேட்டது. டயல் டோன் கேட்ட இடத்தில் மோடம் கத்தும். மோடம் கத்தினால் டெல்லிக்குக் காது வலிக்கும்.

வலித்தது. தந்தி, தொலைபேசி எல்லாம் சர்க்காருக்கே சொந்தம் என்று சொன்ன இந்தியத் தந்திச் சட்டம் 1885இல் வந்தது. காங்கிரஸ் கட்சியும் அதே வருடத்தில்தான் பிறந்தது; இரண்டில் எது அதிகம் ஆண்டது என்று சொல்வது கடினம். அந்தச் சட்டத்தின் பலத்தில் 1994இல் தொலைத்தொடர்புத் துறை ஒரு கட்டண விகிதத்தை அறிவித்தது: பலகை நடத்துகிறவர் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 15 லட்சம் ரூபாய் லைசென்ஸ் கட்ட வேண்டும். படுக்கையறை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, சொந்தக் காசில் போன் பில் கட்டி, யாரிடமும் பைசா வாங்காமல் ஊருக்குச் செய்தி சுமந்த பையனிடம் 15 லட்சம். நாட்டு நாய்க்கு நேஷனல் பர்மிட் கேட்ட ஒரே அரசாங்கம். பலகைக்காரர்கள் கத்தினார்கள், எழுதினார்கள், எதிர்த்தார்கள். 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. பிறகு பலகைகளை ஒழிக்கச் சட்டம் தேவைப்படவில்லை.

சர்க்காரில் எல்லோருமே அப்படி என்று சொன்னால் பாவம் வரும். 1986இல் ஐநா வளர்ச்சித் திட்டப் பணத்தில் எர்நெட் தொடங்கினார்கள். ஐந்து ஐஐடிகள், பெங்களூர் அறிவியல் கழகம், பம்பாயின் மென்பொருள் மையம், டெல்லியில் எலக்ட்ரானிக்ஸ் துறை, ஆக எட்டு இடம். பம்பாய் மையத்தை நடத்தியவர் சீனிவாசன் ரமணி. பின்னாளில் இன்டர்நெட் சான்றோர் மண்டபத்தில் பெயர் ஏறியவர். பெரிய திட்டம், பெரிய மனிதர்கள். ஆரம்பத்தில் செய்தது என்னவென்றால், ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்கு போன் போட்டு லோடு இறக்கியது. அதே புக்கிங் ஆபீஸ். ஐநா பணம் போட்டாலும் பாட்டியின் மிக்சி போட்டாலும் தொழில்நுட்பம் ஒன்றுதான். கூடுதலாக, அந்தக் கால அஞ்சல் முகவரியில் சரக்கு எந்தெந்த இயந்திரம் வழியாகப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதி, நடுவில் ஆச்சரியக்குறி போட வேண்டும். செக்போஸ்ட் வாரியாக ரூட் எழுதிக் கொடுத்தால்தான் வண்டி கிளம்பும்.

ஊருக்குத் திரும்புகிறேன். நாமக்கல்லுக்கு ரயில் வந்தது 2013இல். சேலம் - கரூர் அகலப்பாதை திறந்த பிறகுதான் எங்கள் பிள்ளைகள் சொந்த ஊரில் ரயில் ஏறினார்கள். அதற்கு முன்னால் ரிசர்வேஷன் என்றால் சேலம், கரூர், ஈரோடு என்று பஸ் ஏற வேண்டும். அங்கே வரிசையில் நின்றவர்கள், கண்ணாடிக்குப் பின்னால் கீச்சுக் கீச்சென்று அச்சடித்த யந்திரத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யோசித்திருக்க மாட்டார்கள். இருந்தது டெக் கம்பெனியின் விஎம்எஸ் என்ற இயங்குதளம். 1985 நவம்பரில், நம் பழைய சங்கமான அதே சிஎம்சி, டெல்லியில் வேக்ஸ்-11/750 கம்ப்யூட்டர்களை வைத்து முன்பதிவைத் தொடங்கியது. பிறகு பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத். ஐந்தும் ஐந்து தனி ராஜ்யம். 1999இல்தான் ஐந்தையும் ஒன்றாகக் கோத்து, எந்த ஊர் டிக்கெட்டையும் எந்த ஊரிலும் வாங்கலாம் என்றாக்கினார்கள். அதற்குள் டெக் கம்பெனியே இல்லை.

1957இல் கென் ஓல்சன் தொடங்கிய டெக், ஒரு காலத்தில் ஐபிஎம்முக்கு அடுத்த இடத்தில் இருந்தது. பிடிபி-11, வேக்ஸ் எல்லாம் அவர்கள் பிள்ளைகள். 1998இல் காம்பேக் டெக்கை வாங்கியது. 2002இல் எச்பி காம்பேக்கை வாங்கியது. 2009இல் எச்பி, விஎம்எஸ் வேலையை அமெரிக்காவிலிருந்து எடுத்து எங்கே கொண்டுபோய் வைத்தது தெரியுமா? பெங்களூர். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நாமக்கல் லாரிகள் தினம் போகிற பாதையின் முனையில், உலகின் பழைய கம்ப்யூட்டர் பக்தர்கள் எல்லாம் கும்பிடுகிற மூல விக்ரகம் சில வருடம் இருந்தது. ஒரு பக்தரும் பாத யாத்திரை வரவில்லை. 2013இல் எச்பி இதை மூடப்போவதாகச் சொன்னது. 2014இல் விஎஸ்ஐ என்ற அமெரிக்கக் கம்பெனி பொறுப்பேற்றுக்கொண்டு, இன்றைய சாதாரண சிப்பிலும் ஓடும்படி அதை மாற்றிவிட்டது. கருமாதிக்கு நாள் குறித்த பிறகு எழுந்து உட்கார்ந்து காபி கேட்ட மென்பொருள்.

இதையெல்லாம் வீட்டில் வைத்து ஓட்டுகிறவர்களின் கூட்டம்தான் ஹெக்நெட். உப்சாலா நகரத்தின் அப்டேட் என்ற கம்ப்யூட்டர் கிளப்பைச் சேர்ந்த ஜானி பில்குவிஸ்ட் தொடங்கியது. கல்கத்தா ஹெக்குக்கும் இதற்கும் சொந்தம் இல்லை. இவர்கள் ஓட்டுவது டெக்நெட் என்ற பழைய மொழி. இன்டர்நெட் ஜெயிப்பதற்கு முந்தைய காலத்து ஆள். அதற்கு இன்டர்நெட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்ததும், நெட்வொர்க் கார்டுக்குப் பிறவியிலேயே வந்த முகவரியை அழித்துவிட்டுத் தன் பாணியில் வேறு முகவரி எழுதிக்கொள்ளும். அவ்வளவு திமிர். பில்குவிஸ்ட் செய்த தந்திரம் என்னவென்றால், வீட்டுக் கம்பியில் டெக்நெட் பேசுவதை ஒட்டுக்கேட்டு, அப்படியே இன்டர்நெட் பொட்டலத்துக்குள் வைத்துக் கட்டி, மறுமுனை வீட்டில் அவிழ்த்துவிடும் ஒரு சின்ன நிரல். இரண்டு கிழவர்களும் இன்னும் 1983இல் பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பதாகவே நினைத்துப் பேசிக்கொள்வார்கள். நடுவில் கடல் இருப்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

என்ன பேசிக்கொள்வார்கள்? இங்கேதான் நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு நம்பிக்கை வராது. ஒருவர் ஸ்வீடனில் இருக்கும் பிடிபி-11க்குள் நுழைவார். மணி என்ன என்று கேட்பார். அது சொல்லும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்பார். தான் மட்டும்தான் இருப்பதாகத் தெரியவரும். ஒரு கடிதம் எழுதிப் போடுவார். வெளியே வந்துவிடுவார். வேலை முடிந்தது. பரம திருப்தி. கேட்டால், நாற்பது வருடத்துக்கு முன்பு ஒரு கம்பெனி இதே காரியத்துக்கு லட்சக்கணக்கான டாலர் செலவழித்ததாகச் சொல்வார்கள். அந்தக் கம்பெனி செய்ததும் அநேகமாக இவ்வளவுதான் இருக்கும்.

பணக்காரர்கள் நடத்தினால் நிலைக்கும் என்றும் சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்ட் பால் ஆலன் சியாட்டிலில் ஒரு மியூசியமே வைத்து, பழைய பிடிபி-10களை உயிரோடு ஓட்டி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று கணக்குத் திறந்து கொடுத்தார். 2018இல் அவர் போய்ச் சேர்ந்தார். 2020இல் கதவு மூடியது, 2024இல் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. உப்சாலா கிளப்பிடம் அந்த மாதிரிச் சொத்து எதுவும் இல்லை, எனவே ஏலம் போடவும் ஒன்றும் இல்லை, ஓடிக்கொண்டிருக்கிறது.

நிஜமான பிடிபி-11/70ஐ எருமப்பட்டியில் வைப்பது நடக்காத காரியம். குடிக்கிற கரண்டுக்கு, நம் மின்வாரியத்தின் இலவச 100 யூனிட் முதல் நாளே ஆவியாகிவிடும். தோட்டத்துப் பம்புசெட் இணைப்பில் மாட்டினால் இலவசம்தான், ஆனால் 'விவசாயப் பணி' என்று எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? அதிர்ஷ்டவசமாக இப்போது நிஜ இயந்திரம் தேவையில்லை. பாப் சுப்னிக் என்பவர் 1990களில் தொடங்கிய சிம்எச் என்ற நிரல், உள்ளங்கை அளவு ராஸ்பெரி பைக்குள் ஒரு முழு வேக்ஸை நடிக்க வைக்கிறது. மண்ணெண்ணெய் விளக்கு அளவுகூட வெளிச்சம் வராது, செலவும் வராது.

இதை எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். கொல்லிமலைப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏந் தம்பி, இதுல முட்டை வெலை பார்க்கலாமா?"

"இல்லீங் மாமா, அதுக்கு போன்லயே பார்த்துக்கலாங்."

"வாட்சப்பு?"

"வராதுங்."

"அப்பறம் என்னத்துக்கு?"

"ஸ்வீடன்ல ஒருத்தரு மிசின்ல மணி என்னன்னு கேக்கலாங்."

"அவங்க மணி நமக்கெதுக்குப்பா," என்றவர், கொஞ்சம் யோசித்து, "நம்ம மணிய அவங்க கேட்டா சொல்லுமா?" என்றார்.

"சொல்லுங்."

"அப்பச் சரி. மாட்டு."

மாட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை பாக்கி. டெக்நெட்டில் சேரும் இயந்திரத்துக்கு ஒரு எண்ணும் ஒரு பெயரும் வேண்டும். எண்ணுக்குப் பஞ்சமில்லை, 63 வட்டாரம், வட்டாரத்துக்கு 1,023 இயந்திரம். பெயரில்தான் சிக்கல். ஆங்கில எழுத்தில் ஆறுக்கு மேல் இடம் கிடையாது. எருமப்பட்டிக்குப் பத்து எழுத்து, போச்சு. நாமக்கல்லுக்கு எட்டு, அதுவும் போச்சு. சேலத்துக்கு ஐந்தே எழுத்து, சுளையாக உட்காரும். 1997இல் சேலத்திடமிருந்து பிரிந்து தனி மாவட்டம் வாங்கியது எதற்காக, ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு மறுபடி சேலம் என்று பெயர் வைப்பதற்கா? உப்சாலாக்காரர்கள் தங்கள் இயந்திரங்களுக்கு டிஸ்னி வாத்துக் கதையில் வரும் சூனியக்காரிகளின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர்களே கவலைப்படவில்லை. எழுத்தெழுத்தாக எண்ணிப் பார்த்துவிட்டோம், 'எருமை' என்றால் சரியாக ஆறு.